துடைத்த தூசி நாளையும் வரும்

சோளகம் எழும்பிவிட்டால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தூசிக்குக் குறைவில்லை. கொத்திப் புரட்டிய தோட்டங்களின் செம்மண் காற்றில் ஏறி, பலாலி வீதிப் புழுதியோடு கலந்து, சந்தையடி வீடு, உள்ளொழுங்கை வீடு என்று பாராமல் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறது. அது முதலில் தங்குவது யன்னலில். அதிலும் சாய்ந்த மரப்பட்டிகளை அடுக்கடுக்காகக் கோத்த பழைய யன்னற் கதவு என்றால், ஒவ்வொரு பட்டியும் தூசிக்கென்றே ஏந்திய தட்டாகிவிடும். ஒரு கதவில் 20 பட்டி. ஒவ்வொரு பட்டிக்கும் மேல்முகம், கீழ்முகம் என்று இரண்டு. இரட்டைக் கதவு யன்னல் ஒன்றைத் துடைத்து முடிப்பதற்குள் 80 முகங்களைக் கை தொட வேண்டும். ஆறு யன்னல் உள்ள வீட்டில் அது 480. இன்று துடைத்தவை நாளை மறுநாள் மறுபடியும் சிவந்திருக்கும். இத்தனை பொறுமையை விழுங்கிவிட்டு எதையும் மிச்சம் வைக்காத வேலை வீட்டில் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. இதனாலேயே பலர் இந்தக் கதவுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் மாறிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நியாயமில்லை. ஆனால் அந்தச் சலிப்புக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது. முடியாத ஒரு வேலையை நாள்தோறும் செய்வதில் பொருள் உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது, துடைத்த பொருளிலா, துடைத்தவரிலா?

சைவத்திடம் இதைக் கேட்பது சிலருக்கு மிகையாகப் படலாம். தூசி தட்டுவதற்குத் தத்துவம் எதற்கு என்பார்கள். ஆனால் அழுக்கைப் பற்றிச் சைவ சித்தாந்தத்தைப் போல நுணுக்கமாகப் பேசிய மெய்யியல்கள் குறைவு. உயிரைப் பிணித்திருப்பதற்கு அது வைத்த பெயரே மலம். அந்த மலம் எப்படிப்பட்டது, எப்போது ஒட்டியது, யாரால் நீங்கும், எவராலும் நீக்க முடியாத பகுதி எது என்று நூல் நூலாக ஆராய்ந்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தைச் சுருக்கித் தந்ததிலிருந்து இந்த ஆராய்ச்சி அறுந்துபோகவில்லை. யாழ்ப்பாணத்தில் அது ஆறுமுக நாவலரின் வினாவிடைகள் வழியாகச் சிறுபிள்ளைகளின் பாடமாகவும் ஆனது. ஆகவே அழுக்கைப் பற்றிய கேள்வியை அந்த மரபின் முன்னே வைப்பது பொருத்தமானதே. முடிவில்லாத பராமரிப்பு வேலை பயனற்றது என்ற எண்ணம், காத்தல் என்ற தொழிலைப் படைத்தலுக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பிழையிலிருந்து பிறக்கிறது என்பதே என் கட்சி. சித்தாந்தத்தைக் கவனமாக வாசித்தால் அந்த வரிசை அங்கே இல்லை.

முதலில் பொருளைப் பார்ப்போம். யன்னல் என்ற சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. அதற்கு முன் சாளரம் என்றும் பலகணி என்றும் தமிழில் சொல் இருந்தது. நாற்சார் வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் நடுமுற்றத்திலிருந்தே வந்தன; வெளிச்சுவரில் பெரிய திறப்புத் தேவைப்படவில்லை. 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை எடுத்தார்கள்; 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். உயரமான யன்னல்களும் சாய்பட்டிக் கதவுகளும் குடியேற்றக் காலக் கட்டடங்களில் பரவி, பின்னர் பாடசாலைகளுக்கும் வசதியுள்ள வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. வந்த வழி எதுவானாலும் இந்த வெயிலுக்கு அதைப்போல் பொருந்திய அமைப்பு வேறு இல்லை. பட்டியின் சாய்வு வெயிலைத் தடுக்கும், காற்றை விடும். மழைச்சாரல் வெளிப்புறமாக வழிந்துவிடும். உள்ளிருப்பவர் தெருவைப் பார்க்கலாம். தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. முழுதாக மூடுவதுமில்லை, முழுதாகத் திறப்பதுமில்லை. மறைத்துக்கொண்டே தருகிற ஒரு பொருள் அது.

மறைத்துக்கொண்டே தருவது என்று சொன்னதும் சித்தாந்தம் படித்தவருக்கு ஐந்தொழில் நினைவுக்கு வரும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்று இறைவனின் தொழில் ஐந்து. இவற்றில் நான்காவது வெளியாருக்கு எப்போதும் புதிராக இருக்கும். அருள வேண்டிய இறைவன் ஏன் தன்னை மறைக்க வேண்டும்? சித்தாந்தத்தின் விடை இது: பக்குவமில்லாத கண்ணுக்கு முழு ஒளி கொடுமை. உயிர் உலகத்தை நுகர்ந்து, வினையை உண்டு, மெல்லப் பழுக்கும் வரைக்கும் மறைப்பே அதற்குச் செய்யும் உதவி. ஆகவே இந்த மறைக்கும் ஆற்றலாகிய திரோதான சக்தியை மலத்தோடு சேர்த்து எண்ணுகிற அதே நூல்கள் அதை அருளின் வடிவம் என்றும் சொல்கின்றன. நண்பகல் வெயிலில் சாய்பட்டி செய்வது இந்தச் சிறிய உதவியைத்தான். இந்த ஒப்புமையை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு முடிவு பிறக்கிறது. நல்ல மறைப்புக்கு அளவு வேண்டும். தூசியும் ஒட்டறையும் அடைத்த பட்டி காற்றையும் சேர்த்துத்தான் நிறுத்துகிறது. சாய்வை மாற்றும் நடுக்கோல் இறுகிவிட்டால் திறப்பும் மூடலும் நம் கையில் இல்லை. மறைப்பு என்ற பெயரில் எஞ்சுவது வெறும் அடைப்பு. மறைப்பு தன் வேலையைச் செய்ய வேண்டுமானால் அதை ஒருவர் காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காத்தல் எப்படிப்பட்டது என்பதை மரமே கற்பிக்கும். மரத்தை உளுக்கவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தினுள் ஈரம் சுமார் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது வேர்கொள்ளாது. தூசி தனியாக மரத்தைத் தின்பதில்லை. மாரி மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிப் பட்டியும் சட்டமும் சேரும் பொருத்தில் பிடித்துவைக்கிறது. உளுத்தல் அங்கே தொடங்குகிறது. ஆகவே கோடையில் துடைப்பது மாரிக்குச் செய்யும் முன்னேற்பாடு. துடைப்பதிலும் முறை இருக்கிறது. முதலில் உலர்ந்த மெல்லிய துணி அல்லது மென்மயிர்த் தூரிகை, மேற்பட்டியிலிருந்து கீழ்நோக்கி, மரநாரின் போக்கோடு, குறுக்கே அல்ல. பட்டிகளை ஒருபக்கம் சாய்த்து ஒரு முறை, மறுபக்கம் சாய்த்து ஒரு முறை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும் மென்சவர்க்கார நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி, உடனே உலர்துணி. வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவுவது மிகப் பெரிய தவறு. மரம் நார்க்குறுக்கே வீங்கும், பட்டி கோணும், பொருத்து விலகும். யாழ்ப்பாணத்தில் இன்னொன்றும் உண்டு. நம் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டியவை. அந்த நீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் விடும். சுத்தம் செய்ததன் தடமே புதிய கறையாகிவிடும். சுவாமி அறை யன்னலில் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து ஒரு மெல்லிய பசை உண்டாகும். அதில் ஒட்டிய தூசி தட்டினால் போகாது. அந்த அறைக்கு மட்டும் வேறு கவனம் தேவை. வெயில் நேரே படும் மேற்குப் பக்கத்துக் கதவு நரைத்துப் போகும். அதற்கு எண்ணெயோ வார்னிஷோ மற்றக் கதவுகளைவிட முந்தித் தேவைப்படும். அடிச்சட்டத்தில் மண்கோடு தெரிந்தால் கறையான், மாவுபோல் பொடி கொட்டியிருந்தால் துளைக்கும் வண்டு. முதிரைக்கும் தேக்குக்கும் இருக்கிற தாங்குதிறன் மலிவான பலகைக்கு இல்லை. கடல் கடந்து ரொறன்ரோவில் இருப்பவருக்கு இதே மரத்திரை வேறு பாடம் நடத்தும். அங்கே குளிர்கால வெப்பமூட்டி காற்றை வறட்டி, பட்டியை வெடிக்கச் செய்யும். பொருளின் இயல்பை அறியாமல் செய்யும் சேவை அதற்குச் செய்யும் தீங்கு. மரத்துக்கு நல்லது எது என்று மரத்திடம்தான் கேட்க வேண்டும்; நம் அவசரத்திடம் கேட்கக் கூடாது. இந்தக் கேட்டல்தான் சைவம் தொண்டு என்று சொல்வதன் தொடக்கம்.

தொண்டைச் சைவம் எங்கே வைத்திருக்கிறது? சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளில் முதலாவதில். சரியைக்குரிய செயல்களாக நூல்கள் சொல்பவை மிக எளியவை: கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூப்பறித்தல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல். இதைக் கீழ்ப்படி என்று இகழ்கிறவர்களுக்குத் தாயுமானவர் அரும்பு, மலர், காய், கனி என்ற வரிசையில் பதில் வைத்திருக்கிறார். அரும்பைக் கிள்ளிவிட்டுக் கனிக்குக் காத்திருப்பதில் பொருளில்லை. இந்த நெறிக்கு எடுத்துக்காட்டு திருநாவுக்கரசர். ஏழாம் நூற்றாண்டில், தமிழும் தருக்கமும் கைவந்த ஓர் அறிஞர், முதுமையிலும் கையில் உழவாரத்தை ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கினார். அவருக்கு முன்னே அவருடைய தமக்கை திலகவதியார் திருவதிகையில் விடியற்காலையில் அலகிட்டும் மெழுகியும் வந்தார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடத்தில் பொன்னும் மணியும் வெளிப்பட்டபோது, அவற்றையும் பருக்கைக் கல்லோடும் புல்லோடும் சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்கிறது சேக்கிழாரின் புராணம். இந்த நிகழ்ச்சியைப் பற்றின்மைக்குச் சான்றாகவே வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. முற்றம் துப்புரவாக வேண்டும் என்ற ஒன்றிலேயே கண்ணை வைத்தவருக்குப் பொன்னும் அந்த முற்றத்தின் குப்பைதான். வேலையின் உள்ளே முழுதாக இருந்தவருக்கு வேலையின் வெகுமதி இடைஞ்சலாகப் பட்டது. அந்த முற்றத்தில் அடுத்த மாரியில் புல் மறுபடி முளைத்திருக்கும். அதற்காக நாவுக்கரசரின் தொண்டு வீணானது என்று எந்தச் சைவரும் சொன்னதில்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். அது கோயில், இது வீடு. கோயிலைக் கூட்டுவது சிவனுக்கு. யன்னலைத் துடைப்பது எனக்கு, என் வசதிக்கு, வருகிற விருந்தினரின் கண்ணுக்கு. இரண்டையும் ஒன்றாக்குவது சொல்விளையாட்டு ஆகாதா? மறுப்பில் பாதி உண்மை. எனது என்ற முடிச்சு இருக்கும்வரை வீட்டு வேலை வினையைத்தான் கூட்டும். சித்தாந்தம் இதில் விட்டுக்கொடுக்காது. மற்றப் பாதிக்கு அட்ட மூர்த்தத்தை நினைக்கலாம். நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்ற எட்டும் சிவனுக்கு உருவம் என்பது சைவத்தின் அடிப்படை. இவற்றில் வளியும் ஞாயிறும் திங்களும் வீட்டுக்குள் வருகிற வழி யன்னல்; எட்டாவதான உயிர் உள்ளே இருக்கிறது. இதை வெறும் பாடமாக ஒப்பாமல் உண்மையென்றே நம்புகிறவருக்கு, அந்த வழியைத் துப்புரவாக வைத்திருப்பதற்கும் திருவாசலை அலகிடுவதற்கும் இடையே பெரிய தூரம் இல்லை. எனது என்பது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று அறிய எளிய வழியும் இருக்கிறது. விருந்தினர் காணாத பின்னறை யன்னலுக்கும் பட்டியின் கீழ்முகத்துக்கும் அதே கை போகிறதா? பொதுக்கட்டடத்தின் யன்னலுக்குப் போகிறதா? திருநெல்வேலியில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. அதுவே இன்றைய பல்கலைக்கழகம். அவர் அமைத்த பரமேஸ்வரன் ஆலயம் அதனுள்ளே இருக்கிறது. அங்கே ஆலயத்தின் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிற மாணவர், வகுப்பறை யன்னலின் தூசியில் விரலால் தம் பெயரை எழுதிவிட்டுப் போனால், அவர் இறைவனை எட்டு உருவில் ஒன்றில்கூடக் கண்டதாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. அது சித்தாந்தத்துக்குள்ளிருந்தே வருகிறது. புறத்தூய்மைக்கு நீர் போதும், அகத்தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்று வள்ளுவர் பிரித்துவைத்தார். சித்தாந்தமோ ஒரு படி மேலே போய், ஆணவ மலம் செம்பிலே களிம்பு போலவும் நெல்லிலே உமி போலவும் உயிரோடு தொன்றுதொட்டே இருப்பது, உயிரின் சொந்த முயற்சியால் அது நீங்காது, அருளால்தான் நீங்கும் என்கிறது. அப்படியானால் மரத்தின் தூசியைத் துடைப்பதற்கும் உயிரின் அழுக்குக்கும் என்ன தொடர்பு? தூசி வெளியிலிருந்து வந்தது, துணியால் போகும். ஆணவம் வந்ததுமில்லை, துணியால் போவதுமில்லை. இந்த வேறுபாட்டை நான் முழுதாக ஏற்கிறேன். யன்னலைத் துடைத்தால் மனம் துடைபடும் என்று இனிப்பாகச் சொல்லும் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை. வீடு பளபளக்க வைத்துக்கொண்டு நெஞ்சில் நஞ்சு வைத்திருக்கும் மனிதர் எத்தனையோ பேர். ஆனால் உமாபதி சிவம் திருவருட்பயனில் ஒரு நுட்பம் சொல்கிறார். புறத்து இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருள் என்பதைக் காட்டிவிடும். ஆணவ இருள் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தூசி முதல்வகை. காலை வெயில் சாய்வாக விழும்போது அது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். நேற்றுத் துடைத்தேன் என்ற நம் திருப்தியை அது பொய்யாக்கும். தன்னைக் காட்டுகிற அழுக்கோடு நாள்தோறும் பழகுகிறவருக்கு, தன்னைக் காட்டாத அழுக்கு ஒன்று இருக்கக்கூடும் என்ற ஐயமாவது எழ வாய்ப்புண்டு. மலம் பழுத்துக் கழலும் பருவத்தையும், நன்மை தீமை இரண்டையும் ஒப்ப நோக்கும் இருவினையொப்பையும் சித்தாந்தம் அருளுக்கு முன்னே வைக்கிறது. பாராட்டும் இல்லாமல், முடிந்தது என்ற நிறைவும் இல்லாமல் செய்கிற வேலை அந்த ஒப்புநோக்குக்குப் பழக்கும். அதற்கு மேல் அது எதையும் வாக்களிக்கவில்லை.

மூன்றாவது மறுப்பு நிலையாமையைப் பற்றியது. ஹன்னா ஆரெண்ட் 1958இல் வெளியான ‘மனித நிலை’ என்ற நூலில் உழைப்பையும் ஆக்கத்தையும் பிரித்தார். ஆக்கம் உலகில் ஒரு பொருளை விட்டுச்செல்லும். உழைப்பு உயிர்ச்சுழற்சியோடு கரைந்து எதையும் விடாது. துடைப்பது இரண்டாம் வகை. நம்மூர் ஞானமோ இன்னும் கடுமையாகப் பேசும். எல்லாம் முன்பே முடிந்துவிட்டது என்பது நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகள் சொன்ன பெரும்பொருள். முடிந்துவிட்டதென்றால் துணியை ஏன் எடுக்க வேண்டும்? இவற்றோடு யாழ்ப்பாணத்தின் சொந்த வரலாறும் சேர்ந்துகொள்கிறது. போரினால் 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அதில் திருநெல்வேலியும் அடக்கம். அடுத்த ஆண்டு திரும்பியபோது பல வீடுகளில் யன்னல் இருந்த இடத்தில் சதுர ஓட்டைதான் இருந்தது. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறியவர்கள் இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்து, கூரையும் கதவும் நிலையும் போன சுவர்களைக் கண்டார்கள். தலைமுறை தலைமுறையாக எண்ணெய் பூசிய மரம் யாருடைய அடுப்பிலோ எரிந்து முடிந்தது. இதைக் கண்ட ஒரு சமூகத்திடம் பட்டியைத் துடை, பொருத்தைக் கவனி என்று சொல்வதற்குத் தயக்கம் வேண்டும்.

தயக்கத்தோடுதான் சொல்கிறேன். நிலையாது என்பதால் காக்க வேண்டாம் என்பது தவறான முடிவு. நிலைத்து நிற்கும் பொருளுக்குக் காப்பு எதற்கு? அழியும் என்பதாலேயே காத்தல் என்ற தொழில் இருக்கிறது. இறைவனுக்கே அது ஐந்தில் ஒன்று. தென்னகத்துத் திருநெல்வேலியின் தலபுராணம் இங்கே கைகொடுக்கும். நிவேதனத்துக்கு நெல்லைக் காயவைத்துவிட்டு நீராடப் போன ஏழை அன்பர் பெருமழை கண்டு ஓடிவந்தபோது, நெல்லைச் சுற்றிலும் வெள்ளம். நெல்மட்டும் நனையாமல் வெயிலில் கிடந்தது. இறைவன் வேலியாக நின்றான் என்கிறது கதை. அவன் அங்கே பொன்மழை பெய்யவில்லை, புது நெல் படைக்கவும் இல்லை. இருந்த நெல்லை ஒரு பொழுது நனையாமல் பார்த்துக்கொண்டான். பிறகு அந்த நெல் குத்தப்பட்டு, சமைக்கப்பட்டு, தீர்ந்திருக்கும். தீர்ந்துபோகிற ஒன்றுக்காகத்தான் அந்த வேலி. செல்லப்பா சுவாமிகளின் மாணாக்கராகிய யோகர் சுவாமிகள் குருவின் பொருளைச் சும்மா இருப்பதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லா வேலையையும் சிவதொண்டாகச் செய் என்பதே அவர் அடியாருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது. முடிந்துவிட்டது என்பது பயனைப் பற்றிய பதற்றம் முடிந்தது என்பதாக இருக்கலாம். வேலை முடிந்தது என்பதாக யோகரின் வாழ்க்கையிலிருந்து கொள்ள இடமில்லை. ஆரெண்டுக்கும் ஒரு பதில் உண்டு. ஜப்பானில் நாரா அருகே ஹோர்யூஜி என்ற மரக்கோயில் 1300 ஆண்டுக்கு மேலாக நிற்கிறது. அதை ஆக்கிய தச்சர் கையைவிட, ஒவ்வொரு தலைமுறையிலும் துடைத்தும் மாற்றுக்கட்டை செருகியும் வந்த கைகளே எண்ணிக்கையில் அதிகம். நிற்கிற அந்த ஆக்கத்துக்குள் கரைந்திருப்பது உழைப்பு.

நம் கோயில்களிலும் இரண்டு வழிகள் இருக்கின்றன, ஒன்றுக்குத்தான் மதிப்பு. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை கும்பாபிஷேகம் வரும். புதுச் சுண்ணம், புது வண்ணம், கல்லில் கொடையாளர் பெயர், புலத்திலிருந்து பணம். அதில் தவறொன்றும் இல்லை. ஜப்பானிலும் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கொருமுறை புதிதாகவே கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல். ஆனால் இரண்டு கும்பாபிஷேகங்களுக்கிடையே கடக்கும் நாலாயிரத்துச் சொச்ச நாட்களில் வாகனசாலைக் கதவின் தூசியை யார் துடைப்பது? அந்த வேலைக்குக் கல்லில் பெயர் பொறிப்பதில்லை. வாகனம் உளுத்த பின் புது வாகனம் செய்விக்க உபயகாரர் கிடைப்பார். உளுக்காமல் பார்ப்பதற்கு உபயம் கிடையாது. வீட்டிலும் இதே மனம்தான். யன்னல் இற்றுப்போகட்டும், புதிது போடலாம். பணம் உள்ளவருக்குப் படைத்தல் சுலபமாகிவிட்டது. காத்தல் மட்டும் இன்னும் உடம்பைக் கேட்கிறது.

யாருடைய உடம்பை என்பது நான்காவது மறுப்பு. இதுதான் என்னை அதிகம் கலங்கச் செய்வது. வீட்டுத் துப்புரவைத் தெய்வத் தொண்டு என்று புகழ்வது, அதைச் செய்கிற பெண்களை வாயடைக்கச் செய்யும் பழைய வழி. ஆண் சித்தாந்தம் பேசிக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருக்க, 480 முகங்களையும் துடைப்பவள் வேறொருத்தி. யாழ்ப்பாணத்தில் இதற்குச் சாதியின் கணக்கும் உண்டு. முற்றம் கூட்டவும் மரம் தறிக்கவும் வந்தவர்களின் கை வீட்டுக்குத் தேவைப்பட்டது. அதே கை கோயில் வாசலைத் தொடக் கூடாது என்றார்கள். சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டு கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே போகும் உரிமைக்காக மக்கள் நிற்க வேண்டியிருந்தது. நான் இதுவரை சொன்ன வாதத்தை இந்த வரலாற்றின் முன் வைத்தால் அது குலையாது, கடுமையாகும். சரியை கையால் செய்வது. மற்றவர் கையால் செய்வித்த துப்புரவு செய்வித்தவருக்குச் சரியை ஆகாது. நாவுக்கரசர் உழவாரத்தைத் தாமே பிடித்தார், ஆள் வைக்கவில்லை. அந்தக் கணக்கில், வெளியே நிறுத்தப்பட்டவர்கள் முதற்படியில் ஏறியிருந்தார்கள். நிறுத்தியவர்களின் கால் இன்னும் அந்தப் படியில் படவில்லை. வீட்டுக்குள்ளும் இதே அளவுகோல்தான். தொண்டின் பெருமையைப் பேசுகிறவர் துணியை எடுக்கட்டும். கூலிக்குத் துடைக்கிறவருக்குக் கூலி நேராகப் போய்ச் சேரட்டும். புண்ணியத்தைக் காட்டிக் கூலியைக் குறைப்பது களவு.

கடைசியாக ஒன்று. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. பட்டிகளின் இடுக்கில் தூசி மட்டும் வாழ்வதில்லை. சிலந்தி வலை கட்டும், பல்லி முட்டை வைக்கும், கறையான் புற்றெடுக்கும். மரத்தைக் காப்பது என்றால் சில உயிர்களை விரட்டுவதும் கொல்லுவதும் கூட வரும். நாவலரின் சைவ வினாவிடை திருவலகிடும் முறையைச் சொல்லும்போது சிற்றுயிர்கள் சாகாதபடி மெல்லிய துடைப்பத்தால் கூட்டச் சொல்கிறது. அந்தக் கவனத்தை யன்னலுக்குக் கொண்டுவரலாம். மருந்து அடிக்கும் நிலை வருமுன் அடிச்சட்டத்தை ஈரமின்றி வைத்திருந்தால் கறையான் வரும் வாய்ப்புக் குறையும்.  அடிக்கடி செய்யும் மென்மையான வேலை, எப்போதோ ஒருநாள் செய்ய நேரும் கொலையைக் குறைக்கும். ஆனாலும் சிலந்தி மிஞ்சுகிறது. திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் இருந்த இலிங்கத்தின் மேல் சருகு விழாமலிருக்க ஒரு சிலந்தி வலை பின்னியது. நீராட்ட வந்த யானை அதை அழுக்கு என்று கண்டு துடைத்தெறிந்தது. சிலந்தி மறுபடி பின்னியது. யானை மறுபடி துடைத்தது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்து யானை ஏற முடியாத மாடக்கோயில்கள் கட்டியதாகச் சொல்வார்கள். யானைக்கும் முத்தி கிடைத்ததாகவே தலபுராணம் சொல்கிறது. ஒருவர் அழுக்கென்று துடைத்தது இன்னொருவர் செய்த காப்பு. அந்த வழக்கில் புராணம் எவரையும் குற்றவாளி ஆக்கவில்லை. மேற்பட்டியின் மூலையில் வலையைக் காணும்போது துணியைப் பிடித்த கை ஒரு கணம் நிற்கட்டும். முட்டைப்பை தெரிந்தால் அந்தப் பட்டியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். குஞ்சு போன பிறகு திரும்பி வரலாம். எப்படியும் இதே யன்னலுக்கு நாளைக்கும் வர வேண்டியிருக்கிறது.